ஒளி புகும் வட்டம்

2015இல் நிக்கான் நிறுவனம் பி900 என்ற கேமராவை வெளியிட்டதும் உலகம் முழுக்க அதை வாங்கியவர்கள் செய்த முதல் காரியம், அதை நிலாவை நோக்கித் திருப்பியதுதான். ஜூம் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு வெள்ளைப் பொட்டாக இருந்த நிலா வளர்ந்து, பள்ளமும் மேடுமாகத் திரையை நிறைத்தது. அந்தக் காணொளிகள் பரவின. பெட்டியில் ‘83 எக்ஸ்’ என்று போட்டிருந்தது. கேமராவின் எடை ஒரு கிலோகூட இல்லை, 899 கிராம்.

அப்போது கடையில் அதற்குப் பக்கத்துத் தட்டிலேயே, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் இருக்கும். அதோடு வரும் 18-55 கிட் லென்ஸின் ஜூம் வெறும் 3 எக்ஸ். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த மகளுக்கோ, பணி ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கத் தொடங்கிய அப்பாவுக்கோ கேமரா வாங்கப் போனவர்கள் இந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவில்தான் திகைத்து நின்றார்கள்.

அங்கே நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. எத்தனை மெகாபிக்சல்? எத்தனை எக்ஸ்? கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மூன்றாவதாக சென்சார் எவ்வளவு பெரியது என்று கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு அளவு இருக்கிறது. எந்தப் பெட்டியிலும் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை. லென்ஸுக்குள் ஒளி புகும் வட்டத்தின் விட்டம் அது. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியுமா, எவ்வளவு நுணுக்கம் பதியும், பின்னணி எவ்வளவு மங்கும் ஆகிய மூன்றையும் முதலில் தீர்மானிப்பது அந்த வட்டம்தான்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பி900இன் முன் வளையத்தைச் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்தில் 4.3-357 என்றும், அதன் பக்கத்தில் 1:2.8-6.5 என்றும் இருக்கும். முதல் ஜோடி குவியத்தூரம், மில்லிமீட்டரில். இரண்டாவது ஜோடி எஃப் எண். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது ஒளி புகும் வட்டத்தின் விட்டம். எஃப் எண்ணுக்கு வரையறையே அதுதான். 4.3ஐ 2.8ஆல் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டர். ஜூமை முழுக்க நீட்டிவிட்டு 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மில்லிமீட்டர். ஒரே கேமரா, ஒரே லென்ஸ். விரிந்த காட்சியில் ஊசித்துளை போல இருப்பது, தொலைவுக்கு நீளும்போது அகலமான கண்ணாகிவிடுகிறது.

டிஎஸ்எல்ஆர் பக்கம் போவோம். கிட் லென்ஸின் அகன்ற முனையில் 18ஐ 3.5ஆல் வகுத்தால் 5.1 மில்லிமீட்டர். நீண்ட முனையில் 55ஐ 5.6ஆல் வகுத்தால் 9.8. அருகில் இருப்பதை எடுக்கும்போது பி900இன் ஒன்றரை மில்லிமீட்டருக்கு எதிரே டிஎஸ்எல்ஆரின் ஐந்து மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் இருமடியாக வளரும் என்பதால், எதிரே நிற்கும் ஒரு முகத்திலிருந்து அதே நேரத்தில் டிஎஸ்எல்ஆர் அள்ளும் ஒளி 11 மடங்கு. தொலைவில் இருப்பதை எடுக்கும்போது நிலைமை தலைகீழ். 55 மில்லிமீட்டருக்கு எதிரே 9.8. இப்போது பி900 அள்ளுவது 31 மடங்கு. இரண்டு கேமராக்களில் எது உயர்ந்தது என்று யாராவது கேட்டால், எதைப் பார்க்கப் போகிறீர்கள், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில்.

அள்ளும் ஒளி ஏன் இவ்வளவு முக்கியம்? வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் மின்னணுச் சுற்று கேமராவுக்குள் இருக்கிறதே, அது போதாதா? போதாது. காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒளி தொடர்ச்சியாக வழியும் பொருளாக வந்து சேர்வதில்லை. துகள் துகளாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நேரத்தில் வந்து விழுகிறது. ஒளி சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னது இங்கே படத்தின் முகத்திலேயே தெரிகிறது. தூறல் தொடங்கும்போது முற்றத்து ஓடுகளைக் கவனியுங்கள். ஓர் ஓட்டில் மூன்று துளி, பக்கத்து ஓட்டில் ஏழு, அதற்கு அடுத்ததில் ஒன்றுமே இல்லை. வானம் எல்லா ஓட்டுக்கும் ஒரே அளவாகத்தான் பொழிகிறது. ஆனாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். மழை வலுத்தால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

கணக்கும் எளிது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழ வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10 கூடவோ குறையவோ விழும். அது பத்து சதவீதப் பிசகு. 10,000 விழுந்தால் பிசகு 100, அதாவது ஒரு சதவீதம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிசகு. இருட்டில் எடுத்த படத்தில் சுவரெல்லாம் மணல் தூவியதுபோல் தெரிவதில் பெரும்பங்கு இதுதான். சென்சாரின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும், வந்து சேராத துகளை அதனால் எண்ண முடியாது. மென்பொருள் அந்த மணலைத் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். கூடவே புடவையின் நெசவையும் தேய்த்துவிடும்.

சென்சார் சிறியது, அதனால்தான் பி900 போன்ற சூப்பர்ஜூம் கேமராக்களின் படங்கள் மோசம் என்று எங்கும் சொல்கிறார்கள். அளவு வித்தியாசம் உண்மையில் பெரியதுதான். பி900இன் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் 23.5க்கு 15.6, பரப்பு சுமார் 367 சதுர மில்லிமீட்டர். 13 மடங்கு. ஆனால் சென்சாரின் அளவு நேரடியாகப் படத்தைக் கெடுப்பதில்லை. வழியில் நிற்பது குவியத்தூரம். சிறிய சென்சாரில் அகன்ற காட்சி விழ வேண்டுமென்றால் குவியத்தூரம் 4 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். அவ்வளவு குட்டையான லென்ஸில் அகலமான திறப்பு வைக்க இடமே இருக்காது. சிறிய சென்சாரின் பலவீனம் என்று நாம் சொல்வது அந்தச் சின்னத் திறப்பின் பலவீனம்.

அதே சுருக்கம் தொலைவுக்கு வரும்போது வரமாகிறது. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவில் பி900 காட்டும் நெருக்கம் வேண்டுமென்றால் 2000 மில்லிமீட்டர் லென்ஸ் தேவை. கேனன் நிறுவனம் 1993இல் 1200 மில்லிமீட்டர், எஃப் 5.6 லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. அதன் எடை 16.5 கிலோ. தூக்க ஆள் வேண்டும், நிறுத்தக் கனமான முக்காலி வேண்டும். சென்சாரைச் சுருக்கியதால் 357 மில்லிமீட்டரே 2000இன் வேலையைச் செய்கிறது. பறவை பார்க்க வந்த ஒருவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையோரம் நடந்துவிடலாம். இந்த உபாயம் எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் நாம் நிற்கிறோம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களின் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. நாரையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர், தூரம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கிட் லென்ஸை 55க்கு நீட்டினால் நாரையின் உருவம் சென்சாரில் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் விழும். 24 மெகாபிக்சல் இருந்தும் அந்த நாரைக்குக் கிடைப்பது 70 பிக்சல் உயரம். நாரை என்று அடையாளம் தெரியும். அலகு மஞ்சள் என்று தெரியலாம். அதற்கு மேல் எதுவும் இல்லை. டிஎஸ்எல்ஆரில் 70-300 லென்ஸை மாட்டினால் உயரம் 385 பிக்சல். பி900இல் 1,330.

ஆனால் அந்த 1,330ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒளி அலையும்கூட. ஒரு வட்டத் திறப்பு வழியாகப் போகும்போது அது விளிம்பில் சற்றே விரியும்; எவ்வளவு துல்லியமான கண்ணாடியாக இருந்தாலும் ஒரு புள்ளி புள்ளியாக விழாது, ஒரு சிறு தட்டாகவே விழும். அந்தத் தட்டின் அளவை 1835இல் கணக்கிட்டுக் காட்டியவர் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி. பி900இல் முழு ஜூமில் அதன் விட்டம் ஒன்பது மைக்ரானை ஒட்டி வரும். பிக்சலின் அகலமோ 1.34 மைக்ரான். ஒரே புள்ளியின் ஒளி குறுக்கே ஆறேழு பிக்சல்களில் சிந்துகிறது என்று பொருள். 200 மீட்டரில் இந்தத் திறப்பால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய விவரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதற்குமேல் எத்தனை மெகாபிக்சலைக் கூட்டினாலும் இறகின் நுணுக்கம் கூடாது. படத்தை முழு அளவில் பெரிதாக்கினால் தண்ணீரில் கரைந்ததுபோல் தெரிவது இதனால்தான். அதைப் பார்த்து கேமரா பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை, அது ஒளி அலையின் எல்லை.

70-300 லென்ஸின் கதை என்ன? விலை குறைந்த வகையில் நீண்ட முனை எஃப் 6.3. 300ஐ 6.3ஆல் வகுத்தால் 48 மில்லிமீட்டர். பி900இன் 55ஐ விடக் கொஞ்சம் குறைவு! அந்த நாரையிலிருந்து வரும் ஒளியை அள்ளுவதில் 13 மடங்கு பெரிய சென்சார் கொண்ட டிஎஸ்எல்ஆருக்கு எந்த மேன்மையும் இல்லை. எடைகூட ஒத்துப் போகிறது: டி3500 மின்கலத்தோடு 415 கிராம், நிக்கானின் அந்த 70-300 இன்னொரு 415 கிராம். ஒரே அகலத் திறப்புக்கு ஏறக்குறைய ஒரே எடைக் கண்ணாடிதான் தேவைப்படுகிறது. நிறுவனங்களின் விளம்பரத்தைவிட இயற்பியல் நியாயமானது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, காலை வெயிலில், சூப்பர்ஜூமே கூடுதல் விவரம் தரும் என்று தயங்காமல் சொல்வேன்.

நிலாவும் அப்படித்தான். இரவில் எடுப்பதால் நிலாவுக்குப் பெரிய சென்சார் வேண்டும் என்று தோன்றும். ஆனால் நாம் படம் பிடிப்பது நேர் வெயிலில் கிடக்கும் பாறையை. நிலாவில் அப்போது பகல். வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. பி900இல் நிலாவின் உருவம் 3.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு விழுந்து சட்டத்தின் உயரத்தில் 70 சதவீதத்தை நிரப்பும். 2018இல் வந்த பி1000இல் குவியத்தூரம் 539 மில்லிமீட்டர், திறப்பு 67. அதில் முழுநிலா சட்டத்துக்கு மேலும் கீழும் வழியும். 1610இல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கலிலியோ பார்த்த தொலைநோக்கியில் ஒளி புகுந்த திறப்பு இதைவிடச் சிறியது. அதே நான்கு நிலாக்களை இந்தக் கேமராவில், மொட்டைமாடியில் முக்காலி போட்டு, உங்கள் வீட்டுக் குழந்தை தானே பார்த்துவிடலாம். கேமரா வாங்க இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாரை பறக்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. 357 மில்லிமீட்டரில் பி900 பார்ப்பது ஒரு டிகிரி அகலம் மட்டும். 200 மீட்டரில் அது மூன்றரை மீட்டர். சிறகு விரித்த நாரை ஒரு கணத்தில் சட்டத்தை விட்டு வெளியேறிவிடும். (ஜூமை நொடியில் பின்வாங்கி, பறவையைத் தேடிப் பிடித்து, மறுபடி நீள்வதற்கு லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் பறவை பார்ப்பவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.) அதைவிடப் பெரிய தடை ஃபோகஸ். சூப்பர்ஜூம், படத்தின் கூர்மையைப் பார்த்துக்கொண்டே லென்ஸை நகர்த்தும். கூர்மை கூடினால் அதே திசையில் இன்னும் போகும், குறைந்தால் திரும்பும். முன்னும் பின்னும் தடவித்தான் இடத்தைப் பிடிக்க முடியும். மங்கிய நேரத்தில் தடவல் அதிகமாகும்.

டிஎஸ்எல்ஆரில் வேலை வேறு மாதிரி நடக்கிறது. லென்ஸுக்கும் முதன்மை சென்சாருக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைக் கொஞ்சம் ஊடுருவ விடும். பின்னால் இருக்கும் சிறு கண்ணாடி அதைக் கேமராவின் அடித்தளத்துக்குத் திருப்பும். அங்கே ஒரு தனி சென்சார், லென்ஸின் இடது ஓரம் வழியாக வந்த காட்சியையும் வலது ஓரம் வழியாக வந்த காட்சியையும் ஒப்பிடுகிறது. நம் இரண்டு கண்களும் தூரத்தை அறிவதற்குச் செய்யும் அதே காரியம். இரண்டு காட்சிகளும் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்ததுமே லென்ஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று தெரிந்துவிடும். 1985இல் மினோல்டா 7000 சந்தையில் நிலைநிறுத்திய முறை இது. பறக்கும் பறவைக்கும், பள்ளி மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கும் இதற்கு ஈடாகத் தடவிப் பார்க்கும் முறையால் வர முடியாது. மின்கலத்திலும் டிஎஸ்எல்ஆர் வெகு முன்னால்: டி3500க்கு ஒரு முறை மின்னேற்றினால் 1,550 படங்கள், பி900க்கு 360.

வீட்டுக்குள் வந்துவிட்டால் போட்டியே இல்லை. ஆனால் கிட் லென்ஸோடு நின்றுவிட்டால் டிஎஸ்எல்ஆர் வாங்கியதில் பாதிப் பயன்தான். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, மற்ற லென்ஸ்களோடு பார்த்தால் மலிவாகவே கிடைக்கும். ஜூம் கிடையாது, எக்ஸ் கணக்கில் அது வெறும் ஒன்று. திறப்பு 28 மில்லிமீட்டர். பி900ஐ அதே கோணத்துக்குக் கொண்டுவந்தால் குவியத்தூரம் 13 மில்லிமீட்டரை ஒட்டி வரும், எஃப் 2.8 குறையாமல் நின்றதாகவே வைத்துக்கொண்டாலும் திறப்பு ஐந்து மில்லிமீட்டரை எட்டாது. ஒளியில் 33 மடங்கு வித்தியாசம். கருவறை முன் மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் பாட்டியின் முகம், பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதும் குழந்தையின் கன்னம் எல்லாம் ஃபிளாஷ் இல்லாமலே பதியும். பின்னால் இருக்கும் கூட்டமும் மெத்தென்று மங்கிவிடும். அந்த மங்கலும் அகலமான திறப்பு தருவதுதான்.

இந்தக் கணக்கில் கைபேசியும் உள்ளே வந்துவிட்டது. அருகில் உள்ளதைப் பகலில் எடுக்க இன்று நல்ல கைபேசி போதும். அதன் முதன்மை சென்சார் பல நேரம் சூப்பர்ஜூமின் சென்சாரைவிடப் பெரியது. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள உடம்பில் 55 மில்லிமீட்டர் கண்ணாடியை மட்டும் யாராலும் புகுத்த முடியாது. ஆகையால் சூப்பர்ஜூமின் அகன்ற முனைக்கு இனி வேலையில்லை. நீண்ட முனைக்காக மட்டும் அதை வாங்கலாம். பறவை, நிலா, மலைச்சரிவில் தூரத்தில் மேயும் வரையாடு என்று மனம் போகிறவருக்கு அதுவே போதும். ஒளியோடு பழக, மனிதர்களை எடுக்க விரும்புகிறவருக்கு டிஎஸ்எல்ஆரும் 50 மில்லிமீட்டர் லென்ஸும். பறவைக்காக டிஎஸ்எல்ஆர் வாங்கிவிட்டு 18-55ஓடு வேடந்தாங்கல் போவதுதான் இருக்கும் வழிகளில் மிகவும் வருத்தம் தருவது.

தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் புதிதாக வருவது நின்றுபோய்விட்டது. டி3500 இப்போது தயாரிப்பில் இல்லை. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இருபக்கக் காட்சியை ஒப்பிடும் வேலையை முதன்மை சென்சாரிலேயே செய்கின்றன. சூப்பர்ஜூம் வரிசையில் பி1000இன் அதே லென்ஸோடு 2025இல் பி1100 வந்திருக்கிறது. டிஎஸ்எல்ஆர் என்றால் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். நல்ல நிலையில் உள்ளது கிடைத்தால் அது இன்றைக்கும் நல்ல வாங்கல்தான்.

பழைய லென்ஸ் வாங்கும்போது, கடலோர ஊர்களில் முக்கியமாக, பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸின் இருபக்க மூடியையும் கழற்றி, கைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாக மின்னும். அதனால் கெடுதல் இல்லை. சிலந்தி நூல்போலக் கிளை பிரிந்து படர்ந்திருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருந்தால், துடைத்தாலும் தடம் போகாது. டிஎஸ்எல்ஆர் என்றால் அந்த லென்ஸை ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கலாம். சூப்பர்ஜூமில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் கேமராவையே கைவிட வேண்டியதுதான். வாங்கி வந்த பிறகு எதுவாக இருந்தாலும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் சூடுபடுத்தி ஈரம் போக்கி மறுபடி போடலாம். தோல்பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைக்க மட்டும் வேண்டாம்.